பெயர் சொல்லாமல் தட்டியவன்

ஸ்லேட் ஓடைப் பக்கம் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டார்கள். ஓடையின் மேல் போட்டிருக்கும் பலகையைத் தாண்டியதும் நின்று, தன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். நாய் குரைத்து ஓய்ந்து, உள்ளேயிருந்து "வா" என்று ஒரு குரல் வந்த பிறகுதான் வராந்தாவில் கால் வைக்கலாம். பேசாமல் வந்து கதவைத் தட்டுகிறவன் போலீஸாக, ஷெரீப்பின் ஆளாக இருப்பான். இல்லையென்றால் கெட்டது செய்ய வந்தவனாக இருப்பான். கெண்டக்கி மலைக்குள் இப்படி எத்தனையோ பள்ளத்தாக்குகள். எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம்.

அங்கேயே பிறந்து, அங்கேயே கத்திப் பழகிய ஹோய்ட் ரேபர்ன் ஒரு பாட்டு எழுதினான். "தட்டினேன், தட்டினேன், விரல் தோல் உரிஞ்சு போச்சே, ஓப்பல், உன் பூட்டு மட்டும் திறக்கலையே" என்று அது போகும். பனி கொட்டும் விடியற்காலையில் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த புருஷன், கதவைப் பூட்டிக்கொண்ட மனைவி, காருக்குள் விறைத்துக் கிடந்து அவன் அழுத அழுகை. கேட்டவர்களெல்லாம் உருகினார்கள். லாரி ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுததாகச் சொல்வார்கள். அந்த ஒரு பாட்டால் ஹோய்ட் பெரிய ஆளானான். அப்புறம் குடித்தான், மாத்திரை விழுங்கினான், கச்சேரிக்கு வராமல் கூட்டத்தைக் காக்க வைத்தான். கடைசியில் நாற்பது வயதுகூட ஆகாமல் ஏதோ ஒரு மோட்டல் அறையில் செத்துக் கிடந்தான். செத்த பிறகு இன்னும் பெரிய ஆளானான்.

ஓப்பல் என்பது அவன் கற்பனையில் பிறந்த பெயர் இல்லை. அவன் முதல் மனைவியின் பெயர். அவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் பக்கத்து மெஷின்காரிகள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். சர்ச்சில் பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது கண் அவள் பக்கம் போகும். கொஞ்ச காலத்தில் அவள் பெயர் பெயராகவே இல்லாமல் போனது. மதுக்கடையில் நேரமாகிவிட்டால், "கிளம்புறேன்பா, வீட்டுல ஓப்பல் பூட்டிருவா" என்று ஆண்கள் எழுந்தார்கள். புருஷனைத் திட்டுகிறவள் ஓப்பல். சம்பளத்தைக் கேட்கிறவள் ஓப்பல். விவாகரத்து கேட்டால் பெரிய ஓப்பல். அந்த வட்டாரத்தில் அதற்குப் பிறகு எந்தப் பெண் குழந்தைக்கும் அந்தப் பெயரை வைக்கவில்லை.

ரசிகர்கள் ஹோய்ட்டின் கல்லறைக்குச் சாவி கொண்டுவந்து போட்டார்கள். பூட்டைத் திறக்கச் சாவியாம். துருப்பிடித்த சாவி, கார் சாவி, அலமாரிச் சாவி எல்லாம் குவியும். புல் வெட்டுகிறவன் மண்வெட்டியால் அள்ளி வாளியில் கொட்டுவான். அந்த வீட்டுக் கதவில் பூட்டு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒரு மரத்தாழ்ப்பாள்தான். இது தெரிந்தவர்கள் உயிரோடு இரண்டே பேர். ஓப்பல், அவள் மகள் நெல்டா. அவர்களை யாரும் கேட்டதில்லை.

அக்டோபர் மாதம் ராண்டல் ஸ்டம்போ வந்தான். ஊரில் சவ அடக்க நிலையம் நடத்துகிறவன், ஹோய்ட் விழாக் கமிட்டிக்கும் அவன்தான் தலைவன். நெல்டாவின் வீட்டுச் சமையலறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிரே ஓப்பல் சோள ரொட்டியை மோரில் பிட்டுப் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கீங்க, மிஸ் ஓப்பல்?" என்றான், மூத்த பெண்களைக் கூப்பிடும் அந்தப் பக்கத்து மரியாதையோடு.

"நீ வந்து கேட்டா, சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்த மாதிரி இருக்கு ராண்டல்."

அவன் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். ஹோய்ட்டும் ஓப்பலும் வாழ்ந்த ஸ்லேட் ஓடை வீட்டைக் கமிட்டி வாங்கியாகிவிட்டது. பழுது பார்த்து, சாயமடித்து, இந்த விழாவில் அருங்காட்சியகமாகத் திறக்கப் போகிறார்கள். ஓப்பலின் பேரன் டஸ்டின் வராந்தாவில் நின்று அந்தப் பாட்டைப் பாடுவான். கடைசி வரியில் கதவைத் தட்டுவான். உள்ளேயிருந்து ஓப்பல் கதவைத் திறக்க வேண்டும்.

"இத்தனை வருஷத்துக்கப்புறம் ஓப்பல் கதவைத் திறந்துட்டாங்க! நெனச்சுப் பாருங்க. ஒரு கண்ணு காயாது."

"உனக்கு நல்ல வியாபாரம்" என்றாள் ஓப்பல். "அழுதே நாலு பேரு செத்தாலும் சாவாங்க."

"மன்னிச்சுட்டீங்கன்னு ஊரு தெரிஞ்சுக்கட்டுமே, மிஸ் ஓப்பல்."

ஓப்பல் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

ராண்டல் வாசலில் நெல்டாவிடம் குரலைத் தாழ்த்தினான். "நாஷ்வில்லிலேருந்து ஒருத்தர் வர்றார். பாட்டு ரெக்கார்டு போடுற ஆளு. டஸ்டினப் பாக்கத்தான் வர்றார். அந்தக் கதவு திறந்தாத்தான் உன் மகனுக்கும் கதவு திறக்கும். அம்மாகிட்ட நீ பேசு."

நெல்டாவுக்கு அது போதும். டஸ்டின் அவளுக்கு ஒரே பிள்ளை. சுரங்கம் மூடிய ஊரில் அவனுக்கு வேலை என்று எதுவும் நிலைக்கவில்லை. தொண்டை மட்டும் அவள் அப்பனின் தொண்டை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஹோய்ட்தான். அது பிள்ளைக்கு வாய்த்த வரம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அவள். தாத்தாவின் தொப்பியைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். தாத்தாவின் விஸ்கியை அவன் தானாகவே தேடிக்கொண்டான்.

கோடையில் ஒரு நாள் மருமகள் ஷேனா கைக்குழந்தையோடு வந்து நின்றாள். "கொஞ்ச நாள் இங்க இருக்கேன் அத்த" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. நெல்டாவும் கேட்கவில்லை. மறுநாள் நெல்டாவே அவளை டஸ்டினிடம் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். "பாட்டுக்காரனுங்க அப்படித்தாம்மா. கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள். அதற்கப்புறம் ஷேனா ஃபோனில் பேசினாலும் ஆமாம், இல்லை என்பதோடு முடித்துக்கொண்டாள். "அவ ஒரு ஓப்பல்மா" என்று டஸ்டின் ஒருமுறை சிரித்தபோது, பக்கத்து அறையில் அம்மா இருக்கிறாளே என்று நெல்டா கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான் செய்தாள்.

ராண்டல் போன பிறகு அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"டஸ்டினுக்காகம்மா."

"அவனுக்காகப் பொய் சொல்லணுமா?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கதவத் திறந்தாப் போதும்."

"திறந்தா நான் பூட்டினேன்னு ஆகுதுல்ல? அந்த வீட்டுல பூட்டு எங்கடி இருந்துச்சு?"

"எனக்குத் தெரியாதாம்மா?"

"உனக்குத் தெரியும்" என்றாள் ஓப்பல். "அதான் எனக்கு ஆத்திரமே."

நெல்டா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த விடியற்காலையில் அவள் சின்னப் பெண். நாய் குரைத்தது. யாரும் பெயர் சொல்லவில்லை. வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது. உருவம் தெரியாவிட்டாலும் கெட்டது செய்ய வந்தவன் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நம் ஆள் வந்தால் பெயரைச் சொல்லியிருப்பானே! "நாற்காலியக் கொண்டாடி" என்றாள் அம்மா. நெல்டாதான் இழுத்து வந்தாள். ஹிக்கரி மரப் பட்டையில் பின்னிய நேரான நாற்காலி. அம்மா அதைச் சாய்த்துத் தாழ்ப்பாளுக்குக் கீழே முட்டுக் கொடுத்தாள். வெளியே இருந்தவன் கெட்ட வார்த்தையில் கத்தினான். பிறகு சுட்டான். குண்டு கதவைத் துளைத்து, நெல்டாவின் காதோரம் பறந்து, அடுப்புக் குழாயில் பட்டது. அதற்கப்புறம்தான் அவன் காருக்குள் போய் அழுதான். அழுதது உண்மைதான். அதைப் பாட்டாக எழுதியதும் உண்மை. நடுவில் இருந்த துப்பாக்கியை மட்டும் விட்டுவிட்டான்.

ஓப்பல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "பலகைகிட்ட நின்னு அவன் பேரச் சொல்லிக் கூப்பிடட்டும். 'நான் டஸ்டின் வந்திருக்கேன்'னு. திறக்கிறேன். தட்டினா திறக்க மாட்டேன்."

நெல்டா மகனிடம் சொன்னாள். டஸ்டின் கிதார் கம்பியை முறுக்கிக்கொண்டே சிரித்தான். "அவ்வளவுதானா? கத்திட்டாப் போச்சு. பாட்டிக்கு எதுக்கும் ஒரு சட்டம் வேணும்."

"மறந்துடாதடா."

"மறக்க மாட்டேன்மா. உன் மேல சத்தியம்."

விழா நாளன்று மதியம் ஸ்லேட் ஓடையில் நிற்க இடமில்லை. சர்ச்சுக்காரர்கள் பீன்ஸ் சூப் காய்ச்சினார்கள். ஒரு கூடாரத்தில் சாவி படம் போட்ட சட்டைகள் தொங்கின. ஹோய்ட்டைப் போலவே தொப்பி வைத்துக்கொண்டு, ஹோய்ட்டைப் போலவே தோளைச் சாய்த்துக்கொண்டு, பதினாறு வயதுப் பையன்முதல் பல்போன கிழவன்வரை நடமாடினார்கள். ஒருத்தன் தன் பெண்டாட்டியைக் காட்டி, "பாட்டைக் கேட்டுத் திருந்தட்டும்னு கூட்டிட்டு வந்தேன்" என்றான். அவளும் சிரித்தாள். ஷேனா வரவில்லை. குழந்தைக்கு ஜலதோஷம் என்று டஸ்டின் சொன்னான்.

ராண்டல் பின்வாசல் வழியாக ஓப்பலையும் நெல்டாவையும் வீட்டுக்குள் அழைத்துப் போனான். ஓப்பல் கையில் சிவப்பு நாடா கட்டிய பெரிய சாவி ஒன்றைக் கொடுத்தான்.

"இதுக்கு என்ன வேலை?"

"கையில வச்சிருங்க, மிஸ் ஓப்பல். படத்துக்கு நல்லாயிருக்கும்."

முன்கதவில் பித்தளைப் பூட்டு ஒன்று பளபளத்தது. எங்கேயோ பழைய சாமான் கடையில் வாங்கி அறைந்திருக்கிறார்கள். அது வெறும் தகடு. சாவியைத் திருப்பினால் உள்ளே எதுவும் அசையாது. திறப்பதற்கு இன்னமும் அந்த மரத்தாழ்ப்பாள்தான். நெல்டா குனிந்து பார்த்தாள். பித்தளைத் தகட்டின் விளிம்பில் மரத்தூள் பசை கசிந்து காய்ந்திருந்தது. கதவில் ஓட்டை இருந்த இடம் அது. ஓட்டையை அடைத்து, அதன் மேலேயே பூட்டை வைத்திருக்கிறார்கள்.

"பழைய கதவுல ஏதோ பூச்சி அரிச்ச ஓட்டை இருந்துச்சு" என்றான் ராண்டல். "அத மறைக்கவும் ஆச்சு."

ஓப்பல் மகளைப் பார்த்தாள். நெல்டா வேறு பக்கம் பார்த்தாள்.

மூலையில் அந்த நாற்காலி இருந்தது. குறுக்கே கயிறு கட்டி, 'ஹோய்ட் ரேபர்ன் பாட்டு எழுதிய நாற்காலி' என்று அட்டை மாட்டியிருந்தார்கள்.

"இதுல அவன் உக்காந்ததே இல்ல" என்றாள் ஓப்பல். "முதுகு வலிக்குதும்பான்."

ராண்டல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே போனான். ஓப்பல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சாவியை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே வயலின் தொடங்கியது. பிறகு டஸ்டினின் குரல் எழுந்தது. நெல்டாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அவளுக்கு அந்தக் குரல் எப்போதும் பிடிக்கும். அப்பனைப் பிடிக்காது, குரலைப் பிடிக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பாட்டு கடைசி வரியை நெருங்கியது. நெல்டா தாழ்ப்பாளில் கை வைத்து நின்றாள். இனி அவன் பலகை வரைக்கும் நடந்து போவான். அங்கிருந்து பெயரைச் சொல்வான். கூட்டம் அமைதியானது.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

தட், தட், தட்.

கூட்டம் ஓவென்று கத்தியது. நெல்டா கதவிடுக்கில் வாயை வைத்தாள். "டஸ்டின், பேரச் சொல்லு. பாட்டி சொன்னாளே. பேரச் சொல்லுடா."

பிறகு மைக்கில் அவன் குரல் பள்ளத்தாக்கு முழுக்க ஒலித்தது. "ஓப்பல்! கண்ணு! நான் ஹோய்ட் வந்திருக்கேன்! பூட்டைத் திற!"

ஆண்கள் விசிலடித்தார்கள். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நெல்டா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஓப்பல் அசையவில்லை.

"அம்மா, அவன் சின்னப் பையன். நாஷ்வில்காரர் இப்படிச் செய்யச் சொல்லியிருப்பார். நான் திறந்துடறேன். நீ வந்து நின்னாப் போதும்."

"உன் இஷ்டம்" என்றாள் ஓப்பல். "கை உன்னுதுதானே."

தட், தட், தட். இந்த முறை வேகமாக. பிறகு மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு அவன் கதவிடுக்கில் பேசினான். யாருக்கும் கேட்காத, பல்லைக் கடித்த பேச்சு. விஸ்கி வாடை உள்ளே வந்தது.

"அம்மா. கிழவியத் திறக்கச் சொல்லு. இல்ல, கதவ ஒடச்சு உள்ள வந்தேன்னா ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்க. வீட்டுலயும் இதே ரோதன, இங்கயும் இதே ரோதன. எல்லா முண்டைங்களும் ஓப்பல்தான்."

தாழ்ப்பாள் பாதி மேலே போயிருந்தது. நெல்டாவின் கை அப்படியே நின்றது. வீட்டிலும் இதே என்றால்? வீட்டில் யார் கதவைச் சாத்திக்கொள்கிறாள்? எதற்காகச் சாத்திக்கொள்கிறாள்? கைக்குழந்தையோடு வந்து நின்றவளை அவள் காரில் ஏற்றிக்கொண்டுபோய் அந்தக் கதவுக்கு உள்ளேதான் விட்டுவிட்டு வந்தாள்.

அவன் பூட்ஸ் காலால் கதவை உதைத்தான். பித்தளைத் தகடு ஒரு பக்கம் பெயர்ந்தது. அடியில் அடைத்திருந்த பசை உதிர்ந்து, ஓட்டை வழியாகக் கம்பி மாதிரி வெயில் உள்ளே வந்து நெல்டாவின் மார்பில் விழுந்தது.

கட்டிலில் இருந்த ஓப்பல் எப்படி எழுந்தாள், எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. மகளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, ஓட்டைக்கு நேரிலிருந்து சுவரோரமாக இழுத்தாள். கிழவிக்கு மூச்சு வாங்கியது. பிடித்த கையை விடவில்லை.

நெல்டா தாழ்ப்பாளைக் கீழே இறக்கினாள். மூலைக்குப் போய் கயிற்றை அவிழ்த்தாள். அட்டையைக் கழற்றி எறிந்தாள். நாற்காலியை இழுத்து வந்து, சாய்த்து, தாழ்ப்பாளுக்குக் கீழே முட்டுக் கொடுத்தாள். அம்மா அன்று எப்படிச் சாய்த்தாள் என்பது அவளுக்கு மறக்கவே இல்லை.

வெளியே இன்னொரு உதை விழுந்தது. கதவு அசையவில்லை.

அப்போதுதான் கூட்டத்துக்குப் புரிந்தது. ஓப்பல் திறக்கப் போவதில்லை! இப்போதும் திறக்கப் போவதில்லை! பாட்டில் உள்ளபடியே! யாரோ ஒருவன் முதல் வரியை எடுத்துக் கொடுக்க, அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள். டஸ்டின் கதவில் நெற்றியை வைத்து முழங்காலிட்டு அழுதான். கேமராக்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. அவன் அழுகையும் உண்மைதான். அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு அது எப்போதும் உண்மையாகத்தான் வரும்.

பாட்டு முடிந்து ராண்டல் பின்வாசல் வழியாக ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "மிஸ் ஓப்பல்! என்ன நடிப்பு! இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நான் நடிக்கல."

"அதான், அதான்! நடிக்காம நடிக்கிறது!"

நாஷ்வில்காரன் ஓப்பலின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கதவு திறக்காமல் இருந்ததுதான் சரி என்றான். அந்த உதைச் சத்தத்தையும் சேர்த்தே ரெக்கார்டு போடலாம் என்றான். அவன் பின்னாலேயே டஸ்டின் வந்து பாட்டியைக் கட்டிக்கொண்டான். கண் சிவந்திருந்தது.

"பாட்டி, நீ திறந்திருந்தா எல்லாம் கெட்டுப் போயிருக்கும்! நீதான் பாட்டி என்னக் காப்பாத்தின."

"கதவிடுக்குல ஏதோ சொன்னியே" என்றாள் நெல்டா.

"என்ன சொன்னேன்? வேகத்துல ஏதாவது சொல்லியிருப்பேன். விடும்மா." அவன் ஏற்கெனவே வேறு பக்கம் திரும்பிவிட்டான்.

ஓப்பல் சாவியை ராண்டலிடம் நீட்டினாள். "இந்தா. எவன் கல்லறையிலாவது போடு."

அடுத்த விழாவில் கதவு திறக்காது என்றே நிகழ்ச்சி நிரலில் அச்சடிக்கலாம் என்று ராண்டல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். நெல்டா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் இறங்கினாள்.

"நெல்டா, அது காட்சிப் பொருள்! எங்க கொண்டுபோற?"

"கால் ஆடுது. சரி பண்ணணும்" என்றாள் அவள்.

அம்மாவைக் காரில் முன்னால் உட்கார வைத்தாள். நாற்காலியைப் பின்சீட்டில் படுக்க வைத்தாள். கார் ஓடைச் சாலையில் இறங்கியது. மேலே கூட்டம் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"எங்க போறோம்?"

"ஷேனா வீட்டுக்கு."

"அவன் வீடுன்னு சொல்லு."

"அவன் வர நேரமாகும். எல்லாரும் அவனுக்கு ஊத்திக் கொடுப்பாங்க."

ஓப்பல் தலையை ஆட்டினாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ என்னைய அந்தக் காலத்துல விட்டுட்டுப் போன மாதிரி, அவளையும் விட்டுட்டு வந்துடாத" என்றாள்.

"நான் எங்கம்மா விட்டுட்டுப் போனேன்? கூடவேதானே இருந்தேன்."

"கூடத்தான் இருந்த. அந்தப் பாட்டு வந்தா ரேடியோவ நிறுத்த மாட்ட."

நெல்டா சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

ஷேனாவின் வீடு ஊருக்கு வெளியே, பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஓடையும் இல்லை, பலகையும் இல்லை. நெல்டா நாற்காலியை இறக்கி வாசல் புல்லில் வைத்தாள். கதவுக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.

"ஷேனா! நான் நெல்டா! அம்மாவும் வந்திருக்கா! நாங்க ரெண்டு பேருதான்!"

உள்ளே குழந்தையின் சத்தம் நின்றது. ஜன்னல் திரை ஓரமாக விலகியது. பிறகு உள்ளேயிருந்து கனமான எதையோ தரையில் இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது. மேசையாக இருக்கலாம், அலமாரியாக இருக்கலாம். கதவுக்குக் கொடுத்திருந்த முட்டு அது.

அந்தச் சத்தம் முடியும் வரை நெல்டா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.